கல்லூரி மைதானத்திலிருந்து பரங்கிமலை வரை



மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் போன் செய்தபோது, ஹாஸ்டல் மெஸ்ஸைப் பற்றி எழுதலாமா, கல்ச்சுரல்ஸைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அதற்குள் ஒரு வேலையாகக் கல்லூரிக்குப் போக நேர்ந்தது. மைதானத்தில் என்.சி.சி. பரேடு நடந்துகொண்டிருந்தது. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதலாண்டு மாணவன் என்னைக் கேட்டான்: "சார், நீங்க ஓல்டு ஸ்டூடண்டா? என்.சி.சி.யில சேர்ந்தா என்ன சார் கிடைக்கும்?"

எங்கள் காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: "பரேடு முடிஞ்சா பூரி கிழங்கு கிடைக்கும்!" நானும் அதையே சொல்லிச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு உறுத்தியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட கதையைப் பூரி கிழங்கில் முடித்துவிட்டோமே என்று தோன்றியது. அந்தத் தம்பிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை.

லண்டனில் போட்ட விதை

வகுப்பில் மாணவன், வார இறுதியில் சிப்பாய், பிறகு தகுதி இருந்தால் அதிகாரி. இந்த ஏற்பாடு நம் ஊரில் தோன்றியதல்ல. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் ராணுவம் அதிகாரிகள் போதாமல் திண்டாடியது. அதற்குப் பிறகு போர் அமைச்சராக வந்தவர் ஹால்டேன். அவர் ராணுவ வீரர் அல்ல. வக்கீல், தத்துவம் படித்தவர். முழு நேர ராணுவத்தை மட்டும் நம்பியிருந்தால் பெரிய போர் வரும்போது சமாளிக்க முடியாது என்று அவர் கணக்குப் போட்டார். 1908-ல் இரண்டு அமைப்புகளை உண்டாக்கினார். ஒன்று, வேலை பார்த்துக்கொண்டே ராணுவப் பயிற்சி பெறும் குடிமக்களுக்கான பிரதேசப் படை. மற்றொன்று, பள்ளி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான அதிகாரிப் பயிற்சிப் படை. இரண்டாவதில் பள்ளிகளுக்கு ஜூனியர் டிவிஷன், பல்கலைக்கழகங்களுக்கு சீனியர் டிவிஷன். தேர்வில் தேறியவர்களுக்கு 'ஏ' சான்றிதழ், 'பி' சான்றிதழ். நம் என்.சி.சி. சான்றிதழ்களின் பெயர் எந்த வம்சம் என்று இப்போது புரிகிறதல்லவா?

1917: கண் பார்வையால் நிராகரிக்கப்பட்ட ஒரு மாணவர்

முதல் உலகப் போரின்போது இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைகளில் பெரும்பகுதி வெளிநாட்டுப் போர்முனைகளுக்குப் போய்விட்டது. உள்நாட்டுக் காவலுக்கு ஆள் தேவைப்பட்டது. 1917-ல் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் வந்தது. ஐரோப்பியர்களுக்கு அதில் கட்டாய சேவை. இந்தியர்கள் விரும்பினால் சேரலாம். இந்தச் சட்டத்தின் கீழ்தான் கல்கத்தாவில் பல்கலைக்கழக மாணவர் படை முதலில் உருவானது.

அதில் சேர்ந்த மாணவர்களில் ஒருவரை நம் எல்லோருக்கும் தெரியும். வங்காளிப் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேரப் போனபோது, கண் பார்வை சரியில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பிறகு ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் பி.ஏ. தத்துவம் படிக்கும்போது இந்த மாணவர் படையில் இடம் கிடைத்தது. கூடாரத்தில் தங்கி, வெள்ளைக்கார அதிகாரியிடம் டிரில்லும் துப்பாக்கிச் சுடுதலும் கற்றுக்கொண்டார். அந்த நாட்களை மகிழ்ச்சியோடு தன் சுயசரிதையிலும் எழுதியிருக்கிறார். அவர்தான் சுபாஷ் சந்திர போஸ். 1928 கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் தொண்டர் படையைச் சீருடையில் அணிவகுத்து நடத்தியபோதும், 1943-ல் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றபோதும், அவர் முறையாகப் பெற்றிருந்த ராணுவப் பயிற்சி கல்லூரி நாட்களின் இந்தப் பயிற்சிதான். வெள்ளைக்காரன் தன் வசதிக்காகக் கற்றுக்கொடுத்த பாடம், கடைசியில் யாருக்குப் பயன்பட்டது பாருங்கள்!

துப்பாக்கி சரி, நட்சத்திரம் எங்கே?

போர் முடிந்ததும் 1920-ல் அந்தப் படை கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் துணைப்படை. இந்தியர்களுக்கு இந்தியப் பிரதேசப் படை. இரண்டும் பகுதி நேரப் படைகள்தான். ஆனால் பந்தியில் இரண்டு வரிசை போட்டது போல இரண்டும் ஒரே மாதிரி நடத்தப்படவில்லை. இந்த வேற்றுமையை விசாரிக்க 1924-ல் ஒரு குழுவே அமைக்க வேண்டியிருந்தது. மாணவர் படை, பிரதேசப் படைச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழகப் பயிற்சிப் படை என்று புதுப்பெயர் பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளிலும் அது இருந்தது. நம் தாத்தாமார்களில் 'யு.டி.சி.'யில் இருந்தேன் என்று பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு, அந்த யு.டி.சி. இதுதான்.

ஆனால் பெரிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. இந்திய மாணவன் டிரில் செய்யலாம், துப்பாக்கி பிடிக்கலாம். அதிகாரி ஆகலாமா? அப்போது இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இந்தியர்களுக்கு ஆண்டுக்குப் பத்தே பத்து இடங்கள். அத்தனை கோடி மக்கள் இருந்த நாட்டுக்குப் பத்து!

இதை எதிர்த்து மத்திய சட்டசபையில் எழுந்து நின்றவர் நம் தஞ்சாவூர்ச் சீமைக்காரர், சர் பி.எஸ். சிவசாமி ஐயர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். திருக்காட்டுப்பள்ளியிலும் சென்னையிலும் அவர் பெயரில் இன்றும் பள்ளிகள் இருக்கின்றன. ராணுவ அமைப்பு பற்றிய எஷர் குழுவின் அறிக்கை 1921 மார்ச்சில் விவாதத்துக்கு வந்தபோது, வரிசையாகத் தீர்மானங்களை அவர் முன்மொழிந்தார். ஆண்டுதோறும் வழங்கப்படும் மன்னர் கமிஷன்களில் குறைந்தது 25 சதவீதம் இந்தியர்களுக்குத் தர வேண்டும்; அதற்கேற்ற ஆரம்பப் பயிற்சி வசதிகளை இந்தியாவிலேயே உண்டாக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். ஒரு வக்கீல், ஒரு கல்வியாளர், ராணுவக் கணக்கைக் கரைத்துக் குடித்துவிட்டு வாதாடியிருக்கிறார்!

கேட்டது உடனே கிடைக்கவில்லை. குழு, அறிக்கை, மறுபடியும் குழு என்று பத்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. கடைசியில் 1932 அக்டோபர் 1-ல் டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி 40 பேருடன் தொடங்கியது. அந்த முதல் வகுப்பிலிருந்து பின்னாளில் மூன்று நாடுகளின் ராணுவத் தலைவர்கள் வந்தார்கள்: இந்தியாவுக்கு மானெக்‌ஷா, பாகிஸ்தானுக்கு மூசா, பர்மாவுக்கு ஸ்மித் டன்.

குன்ஸ்ரு குழுவும் என்.சி.சி.யும்

இரண்டாம் உலகப் போர் வந்ததும் பழைய கதைதான். அதிகாரிகள் பற்றாக்குறை. 1942-ல் பயிற்சிப் படையின் பெயரை பல்கலைக்கழக அதிகாரிப் பயிற்சிப் படை என்று மாற்றினார்கள். ஆனாலும் எதிர்பார்த்த அளவுக்கு அதனால் அதிகாரிகள் கிடைக்கவில்லை.

1946 செப்டம்பரில் பண்டிட் ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அவர் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவர். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு வேண்டும் என்று 1947 மார்ச்சில் குழு அறிக்கை கொடுத்தது. அடுத்த சில மாதங்களில் சுதந்திரம், பிரிவினை, அகதிகள், காஷ்மீரில் போர். அத்தனைக்கும் நடுவில் 1948-ல் சட்டம் நிறைவேறி, ஜூலை 15-ல் தேசிய மாணவர் படை உதயமானது. அடுத்த ஆண்டே மாணவிகளுக்கும் தனிப் பிரிவு வந்தது.

இந்தச் சட்டத்தில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். என்.சி.சி.யில் சேர்ந்ததாலேயே ஒரு மாணவரைப் போருக்கு அனுப்ப முடியாது. ராணுவத்தில் சேர வேண்டிய கடமையும் கிடையாது. பயிற்சி அரசாங்கத்துடையது, முடிவு மாணவனுடையது. "என்.சி.சி.யில சேர்ந்தா பட்டாளத்துக்குப் புடிச்சிட்டுப் போயிடுவாங்க" என்று என் பாட்டி பயந்தது தேவையே இல்லாத பயம்.

கட்டாயமும் கலகமும்

1962-ல் சீனப் போர். நாடே அதிர்ந்து போயிற்று. 1963-ல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டது. மைதானம் நிரம்பியது, ஆனால் மனசு நிரம்பவில்லை. வருகைப் பதிவுக்காக வந்து நிற்பவனுக்கும் விரும்பி வருகிறவனுக்கும் வித்தியாசம் இருக்குமல்லவா? 1968-ல் கட்டாயம் நீங்கி, விருப்பமுள்ளவர்கள் சேரலாம் என்றானது.

அதே 1968, தமிழ்நாட்டில் வேறொரு காரணத்துக்காகவும் நினைவுகூர வேண்டிய ஆண்டு. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு ஆறாத நேரம். ஜனவரி 23-ல் முதல்வர் அண்ணா தலைமையில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தில் மாணவர் படையின் இந்தி ஆணைச் சொற்களைக் கைவிட வேண்டும் என்பதும் ஒன்று. கல்லூரி மைதானத்தில் 'சாவ்தான்' என்று சொல்வதா, 'அட்டென்ஷன்' என்று சொல்வதா என்பது ஒரு மாநிலத்தின் அரசியல் கேள்வியாக ஆன நாட்கள் அவை. வெளிமாநில கேம்ப்களில் 'தாஹினே முட்' என்றதும் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பி, ஹவில்தாரிடம் திட்டு வாங்கியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மூன்றே நாளில் அந்தச் சொற்களும் கால்களுக்குப் பழகிவிட்டன என்பது வேறு விஷயம்.

பரேடுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

என்.சி.சி. என்றால் வெறும் லெஃப்ட் ரைட் என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பாடத்திட்டத்தில் டிரில், ஆயுதப் பயிற்சி, வரைபடம் படித்தல், களக்கலை, முதலுதவி, ராணுவ வரலாறு எல்லாம் உண்டு. ஆண்டுப் பயிற்சி முகாம் உண்டு. நிஜமான ராணுவப் பிரிவுடன் தங்கிப் பயிற்சி பெறும் இணைப்பு முகாமும் உண்டு. பள்ளியில் 'ஏ', கல்லூரியில் 'பி', கடைசியில் 'சி' சான்றிதழ். கேடட்டாக நுழைந்து, லான்ஸ் கார்ப்பரல், கார்ப்பரல், சார்ஜென்ட் என்று ஏறி, அண்டர் ஆபீசர் வரை போகலாம். இருபது வயதில் நூறு பேரை வரிசையில் நிறுத்தும் பொறுப்பு வேறு எங்கே கிடைக்கும்?

இதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று உண்டு. நம்மை அதட்டிய என்.சி.சி. சார் முழு நேர ராணுவக்காரர் அல்ல. காலையில் காக்கியில் கர்ஜித்துவிட்டுப் பத்து மணிக்கு வேட்டி சட்டையில் வந்து தெர்மோடைனமிக்ஸ் நடத்தினாரே, அவரும் பகுதி நேர அதிகாரிதான்! மகாராஷ்டிரத்தில் உள்ள காம்டியில், என்.சி.சி.யின் சொந்த அகாடமியில் மாதக்கணக்கில் பயிற்சி பெற்று, லெப்டினன்ட் ஆகித் திரும்பி வந்தவர். பெண் பேராசிரியர்களுக்குக் குவாலியரில் பயிற்சி. வயதில் இளைய பயிற்சியாளர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு, நடுத்தர வயதில் தடை ஓட்டம் ஓடி, அதற்குப் பிறகு நமக்குக் கற்றுத் தந்தார்கள். அன்று அவருக்கு நாம் வைத்த பட்டப்பெயருக்காக இந்த மலர் வழியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பரங்கிமலையின் வாசல்

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். என்ன கிடைக்கும்?

சீனப் போருக்குப் பின் அவசரமாக அதிகாரிகளைத் தயாரிக்க 1963-ல் சென்னை பரங்கிமலையிலும் பூனாவிலும் அதிகாரிப் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. பூனாப் பள்ளி சீக்கிரமே மூடப்பட்டது. பரங்கிமலை நிலைத்தது. 1988 ஜனவரி 1 முதல் அது அதிகாரிகள் பயிற்சி அகாடமி, அதாவது ஓ.டி.ஏ. 1987 நவம்பர் 25-ல் இலங்கையில் வீரமரணம் அடைந்து பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1972-ல் இங்கிருந்து அதிகாரியானவர். அங்குள்ள அணிவகுப்பு மைதானத்துக்கு அவர் பெயர்தான். 1992 முதல் பெண்களும் இங்கே பயிற்சி பெறுகிறார்கள். பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி தர வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தங்கைகளும் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

இந்த அகாடமிக்குள் போக என்.சி.சி.க்காரர்களுக்கென்று தனி வாசல் ஒன்று இருக்கிறது: என்.சி.சி. சிறப்பு நுழைவு. மற்றவர்களில் பலர் யு.பி.எஸ்.சி. நடத்தும் எழுத்துத் தேர்வைத் தாண்டி வர வேண்டும். 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும், பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால், எழுத்துத் தேர்வே இல்லாமல் விண்ணப்பித்து, நேராக எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வுக்கு அழைப்புப் பெறலாம். வயது 19 முதல் 25 வரை. கடைசி ஆண்டு படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். விதிகள் அவ்வப்போது மாறும். அறிவிப்பை வரிக்கு வரி படியுங்கள்.

எஸ்.எஸ்.பி. என்பது ஐந்து நாள் சோதனை. முதல் நாளிலேயே வடிகட்டி விடுவார்கள். தங்கியவர்களுக்கு மனவியல் தேர்வு, குழுச் செயல்பாடு, தடைகள், நேர்காணல், கடைசி நாள் கான்ஃபரன்ஸ். முதல் தடவையில் வராமல் மூன்றாவது, நான்காவது தடவையில் தேறியவர்கள் உண்டு. தேறினால் பரங்கிமலையில் ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சி. அதன் முடிவில் தோளில் நட்சத்திரம். முதலில் 10 ஆண்டு சேவை. விரும்பினால் இன்னும் 4 ஆண்டு நீட்டிக்கலாம்.

வேலையை விடாமலே ஒரு வழி

என் வயதுக்காரர்களுக்குப் பிந்திய பேட்ச் நண்பர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. பிரதேச ராணுவம், அதாவது டெரிட்டோரியல் ஆர்மி. 1949 அக்டோபர் 9-ல் அதைத் தொடங்கி வைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. நம் கோயம்புத்தூரிலும் அதன் பட்டாலியன் ஒன்று இருக்கிறது. வேலையோ சொந்தத் தொழிலோ செய்துகொண்டு, ஆண்டுக்குச் சில வாரங்கள் சீருடை அணிந்து, தேவைப்படும்போது அழைப்புக்குப் போக வேண்டும். பட்டதாரிகள் 42 வயது வரை அதிகாரியாக விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு, நேர்காணல், எஸ்.எஸ்.பி. எல்லாம் இதற்கும் உண்டு. சச்சின் பைலட் மத்திய அமைச்சராக இருந்தபோதே 2012-ல் இப்படித் தேர்வாகி லெப்டினன்ட் ஆனார். "எனக்கு ஆபீஸ்ல லீவ் கிடைக்காதுப்பா" என்று சொல்லும் நண்பர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

1999-ம் 2001-ம்

நம் 1998–2001 பேட்ச் இரண்டாம் ஆண்டில் காலெடுத்து வைத்த கோடையில்தான் கார்கில் போர். 1999 மே 29-ல் பட்டாலிக் பகுதியில் வீரமரணம் அடைந்த மேஜர் சரவணன் நம் திருச்சிக்காரர். ஜூலை 7-ல் உயிர்நீத்துப் பரம் வீர் சக்ரா பெற்ற கேப்டன் விக்ரம் பத்ரா, சண்டிகர் கல்லூரியில் என்.சி.சி. 'சி' சான்றிதழ் பெற்றவர். வணிகக் கப்பலில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு ராணுவத்துக்குப் போனவர். அந்த ஆண்டு எங்கள் பரேடில் யாரும் பூரி கிழங்கைப் பற்றிப் பேசவில்லை.

2001-ல் நானும் என் நண்பன் ஒருவனும் 'சி' சான்றிதழ் வாங்கினோம். இரண்டு பேருக்கும் 'பி' கிரேடு. அவன் விண்ணப்பம் போட்டான். நான் போடவில்லை. அப்பா "பேங்க் எக்ஸாம் எழுது" என்றார், அம்மா அழுதார்கள், நானும் "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், வீட்டார்மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. எஸ்.எஸ்.பி. என்றால் என்ன, எத்தனை தடவை முயலலாம், போனால் என்ன, வராவிட்டால் என்ன என்று எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு சீனியர் இல்லை. அவனுக்கு அவன் ஊரில் ஒருவர் இருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அவன் இரண்டாவது தடவையில் தேறினான். பரங்கிமலையில் அவன் பயிற்சி முடிந்த அன்று நானும் போயிருந்தேன். டவுன் பஸ்ஸைத் தவிர வேறெதிலும் ஏறிப் பழகாத அவன் அம்மா ஒரு தோளிலும், அப்பா மறு தோளிலும் நட்சத்திரத்தைக் குத்தினார்கள். அம்மாவின் கை நடுங்கி ஊசி சரியாக இறங்கவில்லை. அவன் சிரித்துக்கொண்டே குனிந்து கொடுத்தான். நான் கைதட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில் மின்சார ரயிலில் யாரோடும் பேசவில்லை.

எனக்கு வங்கி வேலை கிடைத்தது. நன்றாகவே இருக்கிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 25 வயது தாண்டியது, 42-ம் தாண்டிவிட்டது. இரண்டு வாசலும் இப்போது எனக்கு இல்லை.

தம்பிக்கு என் பதில்

1908-ல் ஹால்டேன் அதிகாரிகளுக்காக இதைத் தொடங்கினார். 1917-ல் வெள்ளைக்காரன் காவலுக்காக இங்கே கொண்டுவந்தான். 1921-ல் சிவசாமி ஐயர் அதிகாரியாகும் உரிமையைக் கேட்டார். 1948-ல் சுதந்திர நாடு அதைத் தன்னுடையதாக்கியது. இன்று லட்சக்கணக்கான மாணவ மாணவியர் அந்தச் சீருடையில் இருக்கிறார்கள். இத்தனை பேர் இத்தனை காலம் போராடித் திறந்த வாசல், நம் கல்லூரி மைதானத்தின் மூலையில் இருக்கும் அந்த ஓட்டுக் கொட்டகை என்.சி.சி. அறையில் இருக்கிறது.

எல்லோரும் ராணுவத்துக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. போக விரும்பாதது ஒரு முடிவு. தெரியாமலே போனது முடிவல்ல, அது இழப்பு.

முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மிடையே ராணுவத்தில் பணியாற்றிய நண்பர்கள் இருக்கிறார்கள். என் நண்பனும் இந்த ஆண்டு விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஆண்டுக்கு ஒரு முறை அவர்களில் ஒருவரை அழைத்து, மூன்றாமாண்டு கேடட்டுகளிடம் ஒரு மணி நேரம் பேச வைக்கலாம். செலவு ஒரு டீயும் ஒரு தட்டு பூரி கிழங்கும்தான்!

தம்பி, உன் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். இந்த மலர் உன் கைக்கு வந்தால், விழா அன்று என்னை வந்து பார். அன்று சிரித்து மழுப்பியதற்குப் பதிலாக, உட்கார்ந்து முழுசாகச் சொல்கிறேன்.

வாழ்க நம் கல்லூரி! ஜெய் ஹிந்த்!